அக்கா வாங்கிய ஸ்கோப்

என் அக்காவின் வலது புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு தழும்பு உண்டு. எங்கே விழுந்தீர்கள் என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் கூச்சமில்லாமல், துப்பாக்கி உதைத்தது என்பாள். துப்பாக்கியின் மேல் பூட்டும் சிறு தொலைநோக்கியை ஸ்கோப் என்பார்கள். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்கோப்பில் கண்ணை ஒட்ட வைத்து முதல் குண்டைச் சுட்டபோது, துப்பாக்கி பின்னால் உதைத்து, ஸ்கோப் குழலின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தம் கன்னத்தில் வழியும்போதே, குண்டு எங்கே பட்டது என்றுதான் முதலில் கேட்டாளாம். கண்ணில் புரை வந்ததால் போன வருடம் உரிமத்தையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டாள். தழும்பை யார் வந்து திரும்பக் கேட்க முடியும் என்கிறாள் இப்போது.

பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு ஆசிரியை. கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் சுடக் கற்றவள், பிறகு விடவே இல்லை. பூதிகோட்டைப் பக்கம் அத்தான் வாங்கிய நிலத்தில் வேர்க்கடலை போட்டார்கள். விளைந்ததை அவர்களுக்கு முன்பே காட்டுப்பன்றிகள் அறுவடை செய்துகொண்டு போயின. பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கி, வனத்துறையில் அனுமதியும் வாங்கி, ஒரு ரைஃபிளோடு அக்கா களத்தில் இறங்கினாள். அதே ரைஃபிளோடு, பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் முந்நூறு மீட்டர் போட்டியிலும் கலந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இரண்டுக்கும் இரண்டு ஸ்கோப் வைத்துக்கொண்டால் என்ன என்று நான் விவரம் தெரியாமல் கேட்டேன். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் குறியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். அதற்குக் குண்டுகள் தீரும். குண்டுகளோ அளந்துதான் கிடைக்கும். ஆகவே ஒரே ஸ்கோப், இரண்டு வேலை. எதை வாங்குவது என்று ஒரு பருவம் முழுக்க எங்கள் வீட்டில் சோற்றோடு இதையும் பிசைந்து சாப்பிட்டோம்.

இங்கே எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தவர். திரியில் நெருப்பு வைக்கும் முன் மூன்று தடவை ‘ஃபயர்’ என்று கூவுவார். இரண்டு பக்கமும் காவல் நிற்கிறவர்கள், ஆள் யாரும் இல்லை என்று பதில் குரல் கொடுக்காமல் நெருப்பு வைக்க மாட்டார். சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இந்தப் பழக்கம் தரைக்கும் ஏறி வந்திருந்தது. கிறிஸ்துமஸ் பட்டாசைக்கூடக் கூவாமல் கொளுத்த மாட்டோம். அக்கா இதை அப்படியே கடலைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். பன்றி வந்து நிற்கும். இவள் மூன்று தடவை கூவுவாள். இரண்டாவதிலேயே பன்றி ஓடி மறைந்திருக்கும். டீச்சரம்மா பன்றிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டுத்தான் சுடுவார் என்று பூதிகோட்டை டீக்கடையில் எல்லோருக்கும் இதே பேச்சு. ஓடினால் ஓடட்டும், கடலை தப்பித்ததில்லையா என்று இவள் வாயடைப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது அவளுக்கு. குறி தவறாதவள் என்ற பெயர் கேலிப்பேச்சாகிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ஒரு பெரிய கொம்பன் பன்றி தினமும் வந்து வரப்பையே புரட்டிப்போட்டது. இன்றைக்கு ஒரு நாளாவது கூவாமல் சுடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் கெஞ்சினார்கள். பொழுது சாயும் நேரம். இரவல் ஸ்கோப்பையே பூட்டிக்கொண்டு அக்கா காவல் பரண்மேல் இருந்தாள், நான் பக்கத்தில். அது இருபத்து நான்கு மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுவது. மைதானத்தில் அதன் வழியே தன் குண்டு போட்ட ஓட்டையையே பார்க்கலாம் என்று பெருமை பேசியிருக்கிறாள். பன்றி வந்தது. ஸ்கோப் முழுக்கப் பிடரி மயிர்தான் தெரிந்ததாம், அவ்வளவு துல்லியமாக. விரல் விசைமேல் இருந்தது. அவள் மூச்சை அடக்கியதை நான் கவனித்தேன். சுட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். சட்டென்று தலையைத் தூக்கி ‘ஃபயர்’ என்று கூவினாள். பன்றி பாய்ந்தோடியது. அவள் நிறுத்தவில்லை, மூன்றையும் கூவி முடித்தாள். பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால், வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“டீச்சரம்மா, நான் கீறேன்மா இங்க.”

பக்கத்து நிலத்துக்காரர். தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டதென்று குனிந்து பூட்டிக்கொண்டிருந்தவர் மண் கையோடு எழுந்து நின்றார். பொழுது சாய்ந்து வருவதென்றால் பகலிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுகிற மனிதர்தான். அன்றைக்கு அவசரத்தில் சொல்லவில்லை. அக்கா குண்டை வெளியே எடுத்துவிட்டு, ரைஃபிளை என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பா இறந்தபோதும் அன்றைக்கும்தான்.

அடுத்த வாரம் பெங்களூரில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். போட்டி என்றதும் கடைக்காரர் பெரிய பெரிய ஸ்கோப்பாக எடுத்து அடுக்கினார். தெருக்கோடி விளம்பரப் பலகையில் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். அக்கா படித்தாள், கீழே வைத்தாள். கடைசியில் மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரைக்கும் உள்ள ஒன்றை எடுத்து, மூன்றில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு தெருவைப் பார்த்தாள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது, புருவத்துக்கும் ஆபத்தில்லை. மங்கிய வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று கடைக்குள் விளக்கை அணைக்கச் சொல்லி, மூலையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள். இதை வைத்துப் போட்டியில் ஜெயிப்பது கஷ்டம், தூரம் பற்றாது என்றார் கடைக்காரர், உண்மையான அக்கறையோடு.

“எவ்ளோ தூரம் தெரியுதுன்றது அப்புறம்ங்க. பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு மொதல்ல தெரியணும்” என்றாள்.

அதை வைத்துக்கொண்டுதான் போட்டிக்கும் போனாள். பக்கத்து நிலத்துக்காரர் நானும் வருவேன் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றவர்களின் ஸ்கோப்புகள் முழங்கை நீளம் இருந்தன. அவரவர் ஓட்டையை அவரவர் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். அக்காவுக்கு முந்நூறு மீட்டரில் வெறும் கறுப்பு வட்டம்தான் தெரியும்; முந்தைய குண்டு எங்கே போனது என்று தெரியாமலே அடுத்ததைச் சுட வேண்டும். நிதானமாகச் சுட்டாள். நான்காவதாக வந்தாள். பதக்கம் மூன்று பேருக்குத்தான். அந்தப் பெரிய குழல்களுக்கு நடுவே நான்காவது என்றால் லேசான காரியமா? என் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு விம்மியது. அவள் முகத்தில் மட்டும் ஏமாற்றம் இருந்தது.

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணி துப்பாக்கிப் பையைப் பார்த்து விசாரித்தார். போட்டிக்குப் போய் வருகிறோம் என்றேன். பரிசு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். ஜன்னலோரம் கடலை உரித்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் உசுரோட உக்காந்துனு வரேனேம்மா, இதுக்கு மேல இன்னா பிரைஸ் ஓணும்?”