நீலக் கோட்டை நம்பிய மாப்பிள்ளை

பண்டாரவளையில் நான் வேலை பார்த்த வேன் வாடகை ஆபிஸுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஒரு போன் வந்தது.

"மிஸ், ஒங்க ரெண்டு வேனும் வந்து சேர்ந்திருச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் டீ குடிச்சிட்டு இருக்காங்க. மாப்பிள்ளைய மட்டும் காணோங்க."

பேசியவர் முருகையா, மணப்பெண்ணின் அப்பா. பசறைக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதரைக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு முடிகிறது. மாப்பிள்ளை சுரேஷ் கொழும்புக்காரர். முதல் நாளே சொந்தக்காரர்களோடு பண்டாரவளைக்கு வந்து தங்கியிருந்தார். சொந்தக்காரர்களுக்கு எங்கள் வேன் இரண்டு. மாப்பிள்ளைக்கு அவருடைய சொந்தக் கார். ஓட்டியது அவருடைய கூட்டாளி ரவி. மூன்று வண்டிக்கும் மேப்பில் பாதை போட்டுக் கொடுத்தது நான்.

"வந்துருவாங்க ஐயா, வழியில போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

"போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாரே. மனசு மாறிட்டாரோன்னு பொம்பளைங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. எம்புள்ள உள்ள ஒக்காந்து அழுவுது மிஸ்."

போனை வைத்ததும் கம்ப்யூட்டரில் அந்தப் பாதையைத் திறந்தேன். இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டாரவளையிலிருந்து பசறைக்குப் பாதை கேட்டால் மேப் எப்போதும் பதுளை வழியாகத்தான் இழுக்கும். மாப்பிள்ளையோ, நமுனுகுல மலை தெரிகிற மாதிரி எல்ல ஊர் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்காக அந்த ரோட்டில் மூன்று இடங்களில் பொயின்ட் வைத்தேன். பொயின்ட் வைத்தால் பாதை அதைத் தொட்டுத்தான் போகும். நீலக் கோடு அழகாக நமுனுகுல பக்கம் வளைந்து வந்தது. லிங்கை மூன்று வண்டிக்கும் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

எங்கள் டிரைவர்மார் இரண்டு பேரும் அந்த லிங்கைத் திறந்தே பார்க்கவில்லை. பசறைக்குப் போக அவர்களுக்கு எதற்கு லிங்க்? ரவி மட்டும்தான் நான் அனுப்பியதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார்.

ஏழாவது தடவை அடித்தபோது மாப்பிள்ளை போனை எடுத்தார்.

"சொல்லுங்க அக்கா." சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஆள் சந்தோஷமாகத்தான் இருந்தார். பின்னால் ஏதோ மெஷின் ஓடியது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"நீங்க போட்ட ரெண்டாவது ஸ்டொப்ல. தேயிலை பெக்டரி. பெக்டரிய நடத்துற டீமேக்கர் ஐயா மேல மாடியில கொழுந்து வாட்டுறத காட்டுனாரு. இப்ப கீழ டேஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம். ஆறாவது கோப்பை."

"ரெண்டாவதா? மொத ஸ்டொப் எது?"

"அந்த ஸ்கூல். நாங்க கேட்டுக்குள்ள நுழையவும் தேசிய கீதம் ஆரம்பிச்சிட்டாங்க. இறங்கி அசையாம நின்னோம். பிரின்சிபல் வந்து, யாரைப் பார்க்கணும்னு கேட்டாரு. தெரியாது சார், வரச் சொன்னாங்கன்னு சொன்னோம். பூப்போட்ட கார், பட்டு வேட்டி எல்லாம் பார்த்துட்டு, பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லச் சொன்னாரு."

"சொன்னீங்களா?"

"நேரத்துக்கு எதையும் செய்யணும்னு சொன்னேன் அக்கா."

ப்ரோகிராமில் இதெல்லாம் இருக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். பெண் வீட்டாரின் ஏற்பாடு, மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று பேசி முடிவு செய்தார்களாம்.

முதலாளி நசீர் நானா என் மேசைக்கு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு இன்னம் எத்தனை ஸ்டொப் வெச்சிருக்கீங்க தங்கச்சி?"

"இன்னொன்னு இருக்கு நானா."

"அது எங்க? பொலிஸ் ஸ்டேஷனா?"

படத்தை ஆன மட்டும் பெரிதாக்கினேன். அப்போதுதான் என் பிழை தெரிந்தது. ஊவா மாகாணம் முழுவதும் ஒரே திரையில் தெரியும்போது பொயின்ட் வைத்திருக்கிறேன். அந்த அளவில் ரோடு நூல் மாதிரிதான் இருக்கும். மவுஸ் ஒரு அரிசியளவு விலகினால் தரையில் அரை மைல் விலகும். என் மூன்று பொயின்ட்டும் மெயின் ரோட்டில் இல்லை, பக்கத்துக் கிளைப் பாதைகளில் போய் விழுந்திருந்தன. மேப்பில் பிழை இல்லை. நான் சொன்ன இடத்துக்குக் காரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்தது, அவ்வளவுதான். கோட்டின் ஓரத்தில் அது சின்ன முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நான் முதல் நாளே அந்த முள்ளைப் பார்த்தேன். மலை ரோடுதானே, வளைவு என்று விட்டுவிட்டேன்.

அவசரத்தில் மூன்று பொயின்ட்டையும் அழித்தேன். உடனே நீலக் கோடு குப்புற விழுந்து, பெக்டரியில் இருந்தவர்களைத் திரும்ப எல்லவுக்குக் கொண்டுபோய்ப் பதுளை வழியாகச் சுற்றச் சொன்னது. அதை அனுப்பியிருந்தால் முகூர்த்தம் போயே போயிருக்கும். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, சரியாக ரோட்டின் மேல் இரண்டு பொயின்ட் வைத்தேன். அவற்றை 'நிற்கும் இடம்' என்பதிலிருந்து 'கடந்து போகும் இடம்' என்று மாற்றினேன். பிறகு பெக்டரியிலிருந்து கோயில் வரை கோட்டை வளைவு வளைவாகப் பார்த்தேன். முள் எதுவும் இல்லை. அனுப்பினேன்.

"தம்பி, கோப்பைய கீழ வைங்க. பழைய லிங்க அழிச்சிட்டு இத மட்டும் போடுங்க. கோயில் வர்ற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் இறங்காதீங்க."

"டீமேக்கர் ஐயா இன்னொரு ரகம் இருக்குங்கிறாரே..."

"தம்பி, பொண்ணு அழுவுது!"

அடுத்துக் கார்க் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முருகையா பேசினார். மேளச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "வந்துட்டாரு மிஸ்! கையில தேயிலை பாக்கெட்டோட எறங்குறாரு!" என்றது மட்டும் கேட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். நசீர் நானா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வேன் சாவியோடு வந்தார். "ஏறுங்க தங்கச்சி. மூணாவது ஸ்டொப்ப பார்த்துட்டு வருவோம்."

அதுவரை எத்தனையோ பேரை அந்த மலைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். பாதிப் பாதைகளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. வேன் மெயின் ரோட்டை விட்டு ஒரு தேயிலை மலைக்குள் திரும்பியது. போகப் போகப் பாதை ஒடுங்கியது. ஒரு வளைவில் நானா பிரேக்கை மிதித்தார். இறங்கி நடந்து பார்த்தோம். இருபதடி தாண்டி ரோடே இல்லை. மண் சரிந்து பள்ளத்தில் கிடந்தது. கார் திருப்ப இடமில்லை. என் பொயின்ட் அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னார். "அங்கிட்டுப் போவாதீங்க, மழைக்கு ரோடு கீழ போயிருச்சு. யாரையாச்சும் தேடுறீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் நானா சொன்னார். "இல்ல தங்கச்சி. நேத்து ஒரு மாப்புள்ள இங்க வராமப் போனாரு. அத பார்த்துட்டுப் போக வந்தோம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாதை போட்டு முடித்ததும் அனுப்பாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி, வண்டி போகிற மாதிரியே முதலிலிருந்து கடைசி வரை விரலால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முள் நீட்டிக்கொண்டிருந்தால் பொயின்ட்டை அழிக்காதீர்கள், ரோட்டுக்கு நகர்த்துங்கள். உங்கள் திரையில் அது ஒரு சின்னப் புள்ளி. அதை நம்பி வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரு இடம்.