பின்பாதியிலிருந்து கேட்ட தபால்காரர் கதை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இசைத்தட்டின் கதையை ஒன்றரை வருடம் பின்பாதியிலிருந்து கேட்டுவிட்டு, அதுதான் அதன் மேதைமை என்று ஆபீஸ் கேன்டீனில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். அதைப் பதிந்த கேசட்டில் ஏ, பி ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டியது வேறு யாருமல்ல, என் கையெழுத்து அழகென்று கர்வப்பட்ட நானேதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பழவங்காடிப் பக்கம் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. சினிமாப் பாட்டு பதியப் போனவன், சைக்கிள் மணிக்குள்ளிருந்து பூப் பூத்த ஓர் எல்.பி. இசைத்தட்டின் அட்டையில் மயங்கி நின்றேன்.

"அண்ணா, இது அறுபதுகள்ல வந்த இங்கிலீஷ் பாட்டுச் சாதனம். அன்னிக்கே ஆரும் கேக்கல, கேட்டோ" என்றார் கடைக்காரர், பாதி மலையாளத்தில்.

அதற்காகவே கேசட்டில் பதியச் சொன்னேன்.

தட்டு முழுக்க ஒரு தபால்காரரின் ஒரே நாள். கிட்டாரைப் பின்னோக்கி ஓடவிட்டிருப்பார்கள். அரிசி களைந்த தண்ணீர் மறுபடி பாத்திரத்துக்குள் ஏறுவதுபோல் இருக்கும். சிதார் வாசித்தவருக்கு சிதார் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் என்ன தைரியம்! ஒரு பாட்டில் வெறும் சைக்கிள் மணியும் இரண்டு வயலினும்தான். கடிதமே வராத ஒரு பெண்ணுக்குத் தபால்காரரே ஒன்று எழுதிப் போடுகிறார். மாலையில் பையின் அடியில் மிஞ்சிய கடைசிக் கடிதம் அவளிடமிருந்து அவர் பெயருக்கே வந்திருக்கிறது. நான் கேட்ட வரிசையில் பதில் முதலில், கடிதம் பிறகு. "பூர்வஜன்ம வாசனை" என்று கேன்டீனில் விளக்கினேன். டீ ஆறியதுதான் மிச்சம். இந்த ஊரில் இதை ரசிக்க இன்னொரு ஜீவன் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு என் மனைவியின் தங்கை முதன்முறையாக ரேடியோவில் பாட இருந்தாள். வெற்றுக் கேசட் வாங்கிவைப்பது என் பொறுப்பு, மறந்துவிட்டேன். நாங்கள் குடியிருந்த வலியசாலையில் கடையெல்லாம் பூட்டு. வீட்டிலிருந்த மற்ற கேசட்டுகளெல்லாம் சாமி பாட்டும் குடும்ப விசேஷங்களின் ஒலிப்பதிவும்.

"அந்தப் பேய்க் கத்தலைக் கொண்டாங்கோ. அதுமேல பதிஞ்சுக்கறேன்" என்றாள் மனைவி. கேசட்டின் முதுகு ஓட்டையை மூட பிளாஸ்திரித் துண்டும் கையில் தயார். அதை ஒட்டிவிட்டால் பழைய பதிவை அழித்துப் புதிதாகப் பதியலாம்.

"ஒரே ஒரு தடவை கேளு. அப்புறம் அழிச்சுக்கோ" என்று கெஞ்சினேன். மணி மூன்றரை.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நேரத்தில், "ஏன்னா, எடுத்த எடுப்புலயே ஆத்துக்குத் திரும்பி வரான். எப்போ கிளம்பினான்?"

"அதுதான் தத்துவம்."

"தத்துவமுமில்லை, மண்ணுமில்லை. திருப்பிப் போடுங்கோ."

திருப்பினேன். காலையில் தபால்காரரின் பை நிறைந்தது. சைக்கிள் மணிப் பாட்டில் அவள் கையிலிருந்த கத்தி நின்றது. வெண்டைக்காய் பாதியில் கிடந்தது. மறுபக்கம் வந்து, அந்தக் கடைசிக் கடிதத்தை அவர் பிரித்தபோது எனக்கும் அப்போதுதான் முதன்முறையாகக் கதை புரிந்து உடம்பு சிலிர்த்தது. ஒன்றரை வருடம் வாசற்கதவை விட்டுவிட்டுக் கொல்லை வழியாக நுழைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம். அவள் கையில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது.

"சரி, எதை அழிக்கறது?" என்றேன்.

"நம்ம கல்யாணக் கேசட்டை எடுங்கோ."