வியாழக்கிழமைகளைத் தின்ற காதல் கதை

பூச்சி உருண்டை மணந்தால் எனக்கு அழுகை வரும். குளிர்காலக் கோட்டுகளை அலுமாரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் தொண்டைக்குள் ஒரு கப்பல் ஊதும், கறுப்புச் சால்வை போட்ட ஒருத்தி கைக்குட்டை அசைப்பாள், நான் மூக்கைச் சிந்துவேன். மற்றவர்களுக்குக் காதல் மல்லிகையில் மணக்கிறதாம், மழையில் மணக்கிறதாம். எனக்கு அது பூச்சி உருண்டையில்தான் மணக்கிறது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், நான் வேலை செய்த வீட்டு எஜமானியம்மா, அதாவது சிஞ்ஞோரா, தன் காதல் நாவல்களையும் கம்பளிக் கோட்டுகளையும் ஒரே அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். இரண்டையும் பூச்சி அரித்துவிடக் கூடாதாம். நாவல்களை அரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிஞ்ஞோரா கணவனை இழந்தவர். நான் அவருடனேயே தங்கியிருந்து சமைத்தேன், துடைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அந்த நகரத்தில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் லீவு. வியாழன் பின்னேரம் பஸ் ஏறினால், இது யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸோ என்று ஐமிச்சப்படலாம். அவ்வளவு தமிழ், அவ்வளவு தேங்காய் எண்ணெய்.

என் ஞாயிறு மாதாவுக்கும், சீசா என்ற பகுதியில் ஓர் அறை எடுத்திருந்த மன்னார் அக்காவுக்கும். என் வியாழன் ஒருவருக்கு. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் பேய்க்கணவாய் அவித்தார். ஞாயிற்றுக்கிழமை பலெர்மோ முழுவதும் அங்கேதான் போய்ச் சாப்பிடும், அவருக்கு மூச்சுவிட நேரமிராது. அவருடைய லீவு வியாழன். ஆக எங்கள் காதல், கிழமைக்கு ஒரு பின்னேரம் மட்டும் திறக்கிற கடை. கடற்கரைச் சுவரில் இருந்து பூசணி விதை கொறிப்போம். அவர் கையைப் பிடித்தால் என் கை இரண்டு நாளைக்கு மீன் மணக்கும். நான் கழுவுவதில்லை.

பிறகு சிஞ்ஞோராவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு கண்ணுக்குக் கட்டு, மற்றதில் ஏற்கெனவே பனிப்புகார். அவர் வாசிக்கத் தொடங்கியிருந்த நாவலோ செங்கல் மாதிரித் தடித்தது. அவர் பேசியது சிசிலிய இத்தாலியன். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது.

"இனி நீ வாசி. வியாழன் பின்னேரங்களிலை."

"வியாழன் எனக்கு லீவு, சிஞ்ஞோரா."

"அதுதான் சொல்லுறன். மற்ற நாளிலை உனக்கு வேலையிருக்கு. வியாழக்கிழமை நீ சும்மாதானே இருக்கிறாய்? புத்தகம் முடியுமட்டும்தான். முடிஞ்சால் உன்ரை வியாழன் உனக்கு."

மறுக்கலாம்தான். ஆனால் என் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கும் நேரம், இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று சொல்வதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். நான் இத்தாலியில் இருக்கிறேனா இல்லையா என்பது கண்ணுக்குக் கட்டுப்போட்ட ஒரு மனுஷியின் வாயில் கிடந்தது. வாசித்தேன்.

சிசிலியாவின் மலைக் கிராமத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் ஒரு பெண்ணின் கதை அது. தம்பியைப் படிப்பிக்க அவள் காதலனைக் கரையில் விட்டுவிட்டுப் போய், ஒரு பணக்காரி வீட்டில் தரை துடைக்கிறாள். ஆனால் என்ன துடைப்பு! அத்தியாயத்துக்கு ஒரு வாளித் தண்ணீர், ஏழு வாளிக் கண்ணீர். என் இத்தாலியன் அந்த நாவலில்தான் வளர்ந்தது. இறைச்சிக்கடையில் அரைக்கிலோ கோழி கேட்டாலும் அது விதியைச் சபிக்கிற குரலாகவே வெளியே வந்தது.

ஒரு வியாழன், கதாநாயகியின் காதலன் கப்பலில் வந்து இறங்குகிறான். துறைமுகத்துக்குப் போக அவள் லீவு கேட்கிறாள். எஜமானி மறுக்கிறாள். சிஞ்ஞோரா நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

"சூனியக்காரி! ஒரு பின்னேரம், ஒரேயொரு பின்னேரம் அந்தப் பிள்ளையை விட்டால் இவளுக்கு என்ன தேய்ஞ்சோ போகும்? இந்த அமெரிக்காக்காரருக்கு நெஞ்சிலை ஒண்டும் இல்லை."

கட்டுக்குக் கீழே கண்ணீர் வடிந்தது. துடைத்துவிட்டேன்.

"கோப்பி போட்டுக்கொண்டு வந்து மற்ற அத்தியாயத்தைத் தொடங்கு," என்றார்.

யன்னலுக்கு வெளியே என் வியாழக்கிழமை மெல்ல மெல்லக் கறுத்தது.

ஞாயிறு அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அக்கா இடியப்பம் பிழிந்துகொண்டு கேட்டா. மூன்று தங்கச்சிமாருக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் தான் தனியே நின்றவ.

"உவள் செய்தது தியாகமெண்டால் நான் செய்தது என்ன, சம்பலோ? எனக்கு ஒருத்தரும் புத்தகம் எழுதேல்லை. அது கிடக்கட்டும். உன்ரை ஆள் வாற வியாழன் பின்னேர ரெயினிலை வட இத்தாலிப் பக்கம் போறாராம். அங்கை பெரிய சாப்பாட்டுக்கடையாம். உன்னட்டைக் கேக்கச் சொன்னவர், ஓமோ இல்லையோ எண்டு. ஓமெண்டால் ரெண்டு பேருக்கு அறை பாப்பாராம்."

"நீங்களே சொல்லிவிடுங்கோவன், அக்கா."

"என்னத்தைச் சொல்ல?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

"நான் என்ன தபால்காரியே? ஸ்டேசனுக்குப் போய் அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு," என்று அக்கா உரலைத் தட்டினா.

ஊரில் எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அவர் கத்தோலிக்கரில்லை, சைவ சமயம் என்று கேள்விப்பட்டால் ரெலிபோனின் அந்தப் பக்கம் அம்மா மயங்கி விழுவா. இது போதாதென்று அந்த நாவல் என்னைக் கெடுத்து வைத்திருந்தது. குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, நாடி நடுங்க, "என்னை மறந்துவிடுங்கள், என் குடும்பத்துக்காக..." என்று சொல்லிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

வியாழன் லீவு கேட்டேன்.

"இந்த வியாழனோ? அங்கை சுரங்கம் இடிஞ்சு அவன் உயிரோடை இருக்கிறானோ எண்டு தெரியாமல் அவள் நிக்கிறாள், நீ ஊர் சுத்தவோ? புத்தகம் முடியட்டும்."

சரி, முடியட்டும்.

அந்த வியாழன் நான் வாசித்த வேகத்துக்கு எந்தக் கப்பலும் ஓடியிருக்காது. சுரங்கத்திலிருந்து காதலனைப் பிணமாக எடுத்தேன். தம்பியை ஒரே வரியில் பாதிரியாராக்கினேன். அமெரிக்க எஜமானிக்கு வாதம் கொடுத்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"அப்ப அவளின்ரை மாமா?" என்றார் சிஞ்ஞோரா.

"செத்துப்போனார்."

"என்னெண்டு?"

"நெஞ்சுவலி."

"போன கிழமை குதிரைவண்டி ஓட்டினவன்!"

"அதாலைதான், சிஞ்ஞோரா. கதாநாயகியும் கடலைப் பாத்துக்கொண்டு கண்ணை மூடுறாள். முடிஞ்சுது."

சிஞ்ஞோரா கையை நீட்டிப் புத்தகத்தைத் தடவினார். நான் விரித்துப் பிடித்திருந்த இடத்துக்கு வலப்பக்கம் பாதிச் செங்கல் மிச்சமிருந்தது. விரல்கள் அதை அளந்தன.

"வியாழன் இரவிலை நீ மீன் மணந்து வருவாய்," என்றார். "நான் வாசிக்கச் சொன்ன பிறகு மணக்கேல்லை."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு வியாழனும் கோப்பி கேட்டிருக்கிறார். அமெரிக்கச் சூனியக்காரிக்காவது மூக்கு இவ்வளவு கூர்மையில்லை.

"அவன் எங்கையும் போறானோ?"

"ஓம். இப்ப, ரெயினிலை."

"அப்ப ஏன் நிக்கிறாய்? போ. நாளைக்கு வந்து மாமாவை உயிரோடை எழுப்பு."

பஸ் ஆமையாய் ஊர்ந்தது. ஸ்டேசனுக்குள் நான் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவர் பெட்டியின் யன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். முதலாளி கொடுத்துவிட்ட நெத்தலிப் போத்தல் கையில்.

"புத்தகம் முடிஞ்சுதோ?"

"மாமாவைச் சாகடிச்சுப்போட்டு வாறன்."

"எந்த மாமாவை?" மனுஷன் பயந்துவிட்டார். "என்ன கதைக்கிறீர்?"

ரெயில் ஊதியது. கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன.

"ஓமோ, இல்லையோ? சொல்லும்!"

கண்ணாடியில் பழகிய வசனம் எழும்பித்தான் வந்தது, நாடி நடுக்கத்தோடு, குடும்பத்தோடு. தொண்டை வரை வந்தது. அங்கே மாமா நெஞ்சைப் பிடித்தபடி குறுக்கே விழுந்து கிடந்தார். அவரைத் தாண்டி அந்த வசனத்தால் வர முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி நகர, நானும் யன்னலோடு நடந்தேன்.

"ஓம்!" என்று கத்தினேன். "ஆனா ஞாயிற்றுக்கிழமை பூட்டுற கடையாப் பாத்து வேலைக்குச் சேருங்கோ!"