நம்பர் போடாத கதவு

செங்காவி கரைத்த தகர டப்பா ஒன்றையும் ஒரு பிரஷையும் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கதவில் எண் எழுதச் சொன்னார்கள். எண்பதாம் ஆண்டை ஒட்டிய கோடை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் செய்கிற வேலை அது. நான் அப்போது புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் வாத்தியார். கீழே சமவெளியில், சந்தவாசலில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை பிடிக்கவில்லை. மாற்றல் கேட்டு எழுதிய மனு ஒன்றுக்கும் பதில் இல்லை. கீழே இறங்க ஜீப்தான். ஜீப் வராவிட்டால் நடை. மாட்டிக்கொண்டோம் என்ற எரிச்சல் எந்நேரமும் எனக்குள் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்குப் பல வருடம் அதைத்தான் சாக்காக வைத்திருந்தேன்.

புவியியல் பாடமும் நான்தான் நடத்தினேன். குடியிருப்பு, அடர்த்தி, இடப்பெயர்வு என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்வேன். மனிதர்கள் ஏன் இடம் பெயர்கிறார்கள்? இருக்கிற இடம் தள்ளுகிறது, வேறோர் இடம் இழுக்கிறது. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். தள்ளப்பட்டும் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஒருவர் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தார்.

அவர் என் வீட்டுக்காரரின் மூத்த மனைவி. ஊர்ப் பிள்ளைகள் பெரியம்மா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வயது முப்பதுக்கு மேல் இராது. வீட்டுக்காரர் இரண்டாம் மனைவியைக் கொண்டுவந்த அன்றே இவர் ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, சரிவில் தானே விதைத்த சாமையைத் தானே குத்திச் சமைத்துச் சாப்பிட்டார். ஆறு வருடம். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. கிளம்பினால் ஒரே மகளை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிள்ளை அப்பன் வீட்டுக்கு என்பது அங்கே பேச்சுக்கு இடமில்லாத விஷயம். ஏழு வயது மகள் பெரிய வீட்டில் சாப்பிட்டாள், அம்மாவிடம் வந்து தூங்கினாள்.

கொட்டகையைத் திரும்ப ஆடுகளுக்கு எடுத்துக்கொள்ளப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கதவில் சர்க்கார் எண் விழுந்துவிட்டால் அது வீடு, யாரும் பறிக்க முடியாது என்று பெரியம்மா நம்பினார். சட்டம் அப்படி இல்லை. ஆனால் அந்த மலையில் செங்காவி எண்ணுக்கு ஒரு பயம் இருந்தது. ரேஷன் கார்டு எழுத வருகிறவர்களும் கதவைத்தான் முதலில் பார்ப்பார்கள். எண் இருந்திருந்தால் வீட்டுக்காரர் தயங்கியிருப்பார். எனக்கு அது தெரியும்.

பெரிய வீட்டுக் கதவில் பதினேழு என்று எழுதி நிமிர்ந்தபோது பெரியம்மா எதிரில் நின்றார். வீட்டுக்காரர் இருக்கும்போது அவர் முற்றத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"சார், என் அடுப்ப வந்து பாருங்க. பாத்துட்டு எழுதுங்க."

வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "பக்கத்துல ஆடுங்கோ கூடத்தான் இருக்குது. அதுங்களுக்கும் ஒரு நம்பர் போட்டுடுங்க சார்." வேலியோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, குடும்பம் என்றால் இன்னா கணக்கு, படித்தவர் நீங்களே சொல்லுங்க என்றார்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது எனக்கு மனப்பாடம். வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே சமையல்ல சாப்பிட்டா ஒரே குடும்பம்."

வீட்டுக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்ட கிண்ணத்தை மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சிந்தக் கூடாதே என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா முன்னால் வந்து நீட்டினாள்.

"தின்னுடி," என்றார் வீட்டுக்காரர். "கொயந்த எவ்ளோ நேரம் புடிச்சினு நிக்கும்?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. நீ வாயைத் திறப்பாயா மாட்டாயா என்ற பார்வை. ஒரு வாய் கணக்கில் வராது, வழக்கமாக எங்கே சாப்பிடுகிறார் என்பதுதான் கேள்வி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. நான் வீட்டுக்காரர் கொடுத்த அறையில் படுத்தவன், அவர் வீட்டுப் பால் குடித்தவன். அந்த ஊரில் வேறு அறை கிடையாது. டப்பாவில் பிரஷை விட்டுக் கலக்கிக்கொண்டு நின்றேன். குழந்தையின் கை நடுங்க ஆரம்பித்தது. பெரியம்மா குனிந்து ஒரு வாய் எடுத்துத் தின்றார்.

பதினேழாம் எண் வீட்டில் அவரையும் சேர்த்து எழுதினேன். கொட்டகைக் கதவில் ஒன்றும் எழுதவில்லை.

அந்த மாதமே ஆடுகள் கொட்டகைக்குள் வந்தன. பெரியம்மா மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் வைத்தார். மழை வந்தால் கொட்டகைக்கு வெளியே இறவாரத்தில் ஒண்டிச் சமைத்தார். அடுத்த வருடம் ஆட்களைக் கணக்கெடுக்கவும் நான்தான் போனேன். பெயர் கேட்டேன். "அன்னைக்கே என்ன அந்த வூட்ல எழுதிட்டீங்களே சார். அங்க போய் கேளுங்க," என்றார். அங்கே போய்த்தான் கேட்டு எழுதினேன். தொழில் என்ற இடத்தில், பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்றார் வீட்டுக்காரர். அதையும் எழுதினேன்.

பிறகு மாற்றல் வந்தது, இறங்கிவிட்டேன். ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, பழைய மாணவன் வீட்டுக் கல்யாணத்துக்காகப் போன வருடம் மலைக்குப் போனேன். இப்போது பஸ் போகிறது. திரும்பும்போது புதூர்நாட்டில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினாள். அந்த மகள். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா போய் ஏழெட்டு வருடம் ஆகிறது என்றாள். அப்பா செத்த பிறகு எவ்வளவோ கூப்பிட்டும் அம்மா பெரிய வீட்டுக்குள் வரவில்லையாம். "அந்த ஒரு வாய்தான் சார். அதுக்கப்புறம் எங்க வூட்டு சோத்த அது தொடவே இல்ல."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு நான் அந்த கிண்ணத்த கொண்ணாராம இருந்திருந்தா, அம்மாவுக்கு நம்பர் போட்டிருப்பீங்களா சார்?"

இதற்கு மட்டுமாவது பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. "உன் மேல ஒண்ணும் இல்லம்மா. ஒரு வாய் தின்னா கணக்கு மாறாது. தெனமும் எங்க சாப்பிடுறாங்கன்றதுதான் சட்டம். அது எனக்கு அப்பவே தெரியும். உங்கப்பாவுக்குப் பயந்துக்கினு சொல்லல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் பார்வை இல்லை அது. அம்மாவின் பார்வையில் ஒரு கேள்வியாவது இருந்தது.

"நாப்பது வருசமா என் கையாலதான் ஆச்சுன்னு நெனச்சினு இருந்தேன் சார்," என்றாள்.

பஸ் வந்தது. வர்றேன் என்று சொல்லாமல் ஏறிக்கொண்டாள். நானும் போக வேண்டிய பஸ்தான் அது. நான் ஏறவில்லை.