ஜெயித்த காருக்கு எடை

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் லாரியோடு மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து வண்டி பார்ப்பவனை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்ப்பது ஜப்பானில் நடக்கும் ஒரு கார் பந்தயத் தொடர். அவர்களுக்கு மத்தியானம் ஆகும்போது நமக்குக் காலை இட்லி முடிந்து கை கழுவும் நேரம். வருடத்துக்கு ஏழெட்டுப் பந்தயம்தான் வரும். கல்யாணம், காதுகுத்து எதற்காகவும் நான் ஒன்றையும் விட்டதில்லை.

அதில் ஒரே பாதையில் இரண்டு வகுப்புக் கார்கள் ஒன்றாக ஓடும். ஐந்நூறு என்கிற வகுப்பு அசுர வேகம். முந்நூறு கொஞ்சம் மட்டு. அடையாளத்துக்கு அவற்றில் மஞ்சள் விளக்கு இருக்கும். ஒவ்வொரு காருக்கும் இரண்டு டிரைவர், பாதியில் ஆள் மாறியே ஆக வேண்டும். வேகமான கார்கள் மெதுவான கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போக வேண்டும். முதலிடம் இரண்டு வகுப்புக்கும் தனித்தனி. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க ஒரு மஞ்சள் விளக்குக் காரை எல்லாரும் முந்துகிறார்களே என்று பாவப்பட்டுக்கொண்டிருந்தேன். அது தன் வகுப்பில் ஜெயித்து, டிரைவர்கள் மேடை ஏறியபோதுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது.

இனி அக்கா கதைக்கு வருகிறேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மச்சான் போர் போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருப்பார், மகள் ஹாஸ்டலில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இரண்டு வருடம் அக்காதான் வைத்துப் பார்த்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல் பார்த்தாள் என்று ஊரே மெச்சியது. மெச்சிய கையோடு அம்மாவையும் அவளிடம் விட்டோம். டயாலிசிஸ் பயிற்சிக்கு மூன்று மாதம் சென்னை போகும் வாய்ப்பு அவளுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை அப்பாவுக்காக விட்டாள், இரண்டாம் முறை அம்மாவுக்காக. அம்மாவும் காலமான பிறகு, மூன்றாவதாகப் போன வருடம் வந்தது. வயது நாற்பத்தெட்டு, இதுவும் போனால் இனி இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவள் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது ஜேடர்பாளையத்தில் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எழுந்து நடக்க மூன்று மாதம் ஆகும். சித்தி மகன் பெங்களூரில். லீவு கிடைக்காது என்று முதலிலேயே கையை விரித்துவிட்டான். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் தாய்மாமன் வீட்டில் எல்லாரும் கூடிப் பேசினோம். பேச என்ன இருக்கிறது? அக்காதானே! அவளுக்குத்தானே பக்குவம் தெரியும்! அவளிடம் போய்ச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சரி என்றேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் புதுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. பாதி துணி அடுக்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. அன்று பந்தயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. சட்டென்று அவள் வீட்டு டிவியில் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் முறத்தில் சின்ன வெங்காயத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"போன தடவ ஜெயிச்சிருச்சுன்னு குதிச்சியே, அந்த நீலக் காரு தான இது? ஏன் இந்த இழு இழுக்குது?"

"எடை ஏத்தியிருக்காங்கக்கா."

"யாரு?"

"பந்தயம் நடத்தறவிங்கதான். புள்ளி வாங்குனா அடுத்த பந்தயத்துக்கு எடை போட்டுருவாங்க. மறுபடியும் வாங்குனா இன்னும் போடுவாங்க. ஐந்நூறுல ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா, எடைக்குப் பதிலா எஞ்சினுக்குப் போற பெட்ரோலக் கொறச்சிருவாங்க."

"தோத்தவனுக்கு?"

"அவனுக்கு என்ன, லேசாப் போவான்."

"இது எந்த ஊரு நாயம்டா?"

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. லாரிக்காரனுக்கு லோடு பற்றிப் பேசச் சொல்லித் தர வேண்டுமா? "நாயம்தான்க்கா. இல்லீன்னா ஒரே வண்டியே ஜெயிச்சுட்டிருக்கும். பாக்கறவிங்களுக்கு என்ன ருசி? நல்ல வண்டிக்குத்தான எடை ஏத்த முடியும்? தாங்குமில்ல?" என்று வாய் கிழிய நியாயம் பேசினேன்.

அக்கா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "எப்ப எறக்குவாங்க?"

"கடைசிக்கு முந்துன பந்தயத்துல பாதி. கடைசிப் பந்தயத்துல சுத்தமா எறக்கிருவாங்க."

"கடைசிலயா" என்றாள். திரையைப் பார்க்கவில்லை. "சித்தியப் பத்திப் பேசத்தான வந்த? மாமா நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. நீ எப்ப வாயத் தொறக்கறேன்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

தாங்கும் என்று நான் சொன்னது காரைப் பற்றித்தான். ஆனால் அப்பா விஷயத்திலும் அம்மா விஷயத்திலும் அதே வார்த்தையை அக்காவைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டிவியை அணைத்தேன்.

"நீ மெட்ராஸ் போக்கா. சித்தி எங்க ஊட்டுல இருக்கட்டும்."

அவள் என்னை நம்பவில்லை. "உம் பொண்டாட்டியக் கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. நாமக்கல் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கேட்ட கேள்வி எனக்கு வேண்டியதுதான். "ஏனுங்க, உங்கக்கா தலையில இருந்து எறக்கி எந்தலையில வெக்கறீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவளே பங்கு பிரித்தாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது அவள். தூக்குவது, நடக்க வைப்பது, மாத்திரை, ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருப்பது எல்லாம் நான். அடுத்த வாரம் அக்கா சென்னைக்கு ரயில் ஏறினாள். அதற்கு முந்தின நாளே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதல் பதினைந்து நாள் சொல்லி மாளாது. பட்டறையில் கனமான இரும்புச் சட்டங்களைப் புரட்டுகிற எனக்கு ஒரு கிழவியை வலிக்காமல் ஒருக்களிக்க வைக்கத் தெரியவில்லை. "உங்கக்கா கை மாதிரி வராது சாமி" என்று சித்தி வேளைக்கு ஒரு தரம் சொல்வார். சுள்ளென்று வரும். "அப்ப மெட்ராசுக்கு நடந்து போங்க" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். சித்தி அழவில்லை, சிரித்தார். "நடக்க வெச்சுடு, போறேன்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதலில் கட்டிலைச் சுற்றினார், அப்புறம் வாசல்வரை, மூன்றாம் மாதம் தெருமுனை பால் பூத்துவரை. பால் பூத்தில் இருந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இடையில் இரண்டு பந்தயங்கள் வந்துபோயின. நான் பார்க்கவில்லை.

சித்தியை ஜேடர்பாளையத்தில் கொண்டுபோய் விட நாள் குறித்திருந்தோம். அந்த வாரம் மாமா போன் செய்தார்.

"மாப்ள, அக்காவையே மிஞ்சிட்டியாமா! எல்லாரும் உம் பேச்சுத்தான். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. இங்க மாடிப்படி, ஆள் வசதியும் இல்ல. ஒரு மாசம் உங்க ஊட்டுல இருந்தா நல்லாயிருக்கும்னு அத்தை ஆசப்படறா. உனக்குத்தான் பக்குவம் வந்துருச்சே."

"சரிங்க மாமா" என்றேன்.

போனை வைத்த பிறகு மனைவியைப் பார்த்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முடியாது என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். எதிர்முனையில் அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டதும், யோசிக்கும் முன்னே வாய் தானாகச் சரி என்று சொல்லிவிட்டது. அக்காவும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அதில் இஷ்டம் என்று இருபது வருடமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.