போய்வர ஒரு விசா

“இது டைப் அடிக்கிற வேலை இல்லம்மா, விசா வேலை. உன்னால முடியுமா?”

கனடாவில், புரோசார்ட் என்ற ஊரில், நான் வேலைக்குப் போகும் வீட்டு அன்ரி இப்படித்தான் கேட்டார். அவரும் அங்கிளும் மெட்ராஸ்காரர்கள். கனடியக் குடியுரிமை எடுத்துப் பல காலம். இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அங்கிள், மெட்ராஸிலேயே போய் இருப்பதென்று முடிவு செய்திருந்தார். கனடியர்களாகிவிட்டதால் இந்தியா போக இருவருக்கும் விசா வேண்டும். சனிக்கிழமைகளில் அவருடைய கடிதங்களை டைப் செய்யப் போகும் அகதிப் பெண் நான்.

“ஏலும் அன்ரி,” என்றேன். மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களையெல்லாம் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாசித்தேன், பதிலும் எழுதினேன்.

விதிகளை வாசித்ததும் விளங்கியது. ஒருமுறை நுழையும் விசா, இந்தியாவை விட்டு வெளியே வந்ததும் முடிந்துவிடும். பலமுறை போய்வரும் விசாவும் உண்டு. ஆனால் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும்.

“எத்தனை தரம் இங்க வந்து போவீங்க, அங்கிள்?”

“வரவே மாட்டேன். ஒரு தடவை போறதுக்கு எடு.”

கொஞ்சம் தள்ளி லவாலில் இருந்த அவர்களுடைய மகளுக்கு அடுத்த வருடம் குழந்தை பிறக்க இருந்தது. சமைத்துக்கொண்டிருந்த அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார்.

“இங்க கோயில்ல ஊரே கூடிப் பொன்னாடை போத்தி, மாலை போட்டு வழியனுப்பிட்டாங்க. திரும்பி வந்தா மானம் போயிடுமாம்!”

“அழுது அனுப்பிச்சாங்கடி. அடுத்த வருஷமே அதே கோயில்ல போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

“பொன்னாடையத் திருப்பிக் குடுத்திட்டா சரி, அங்கிள்,” என்றேன். அன்ரி சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

நானும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அங்கிளிடம் இரண்டு விண்ணப்பங்களை நீட்டினேன். அவர் கேட்டபடி அவருக்கு ஒருமுறை. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்துபோக வேண்டுமென்று அன்ரிக்குப் பலமுறை. இரண்டையும் நிதானமாக வாசித்தார்.

“அப்ப இவ மட்டும் வந்து குழந்தையைத் தூக்குவா. நான் அங்க தனியா சமைச்சுச் சாப்பிடணுமா?”

“ஓம் அங்கிள். நீங்க அப்படித்தானே கேட்டீங்க.”

அங்கிள் தன் தாளைத் திருப்பித் தந்தார்.

“இதையும் அவளோடது மாதிரியே அடி.”

ஒட்டாவாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பினோம். கேட்டபடியே இருவருக்கும் கிடைத்தது. இந்த வேலை எனக்குச் சரிவரும் என்பதில் அதன்பிறகு எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அந்த வாரமே, விமானப் பயணச்சீட்டு விற்கும் ஒரு கடைக்குப் போய், விசா விண்ணப்பங்கள் பார்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அந்த மாகாணத்து மொழியான பிரெஞ்சு தெரியுமா என்றார் முதலாளி. படிக்கிறேன் என்றேன். முந்திய நாளே மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன்.