ஈத்திலோ வரைக்கும்

"வர்றியா? வா. ஆனா நான் வந்துட்டேன்."

வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று பஸ் ஓட்டும் அர்கிரிஸுக்குத் தெரியாது. தெரியாத அந்த ஆளிடம்தான் இதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு ஹார்னை நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று அடிக்கிறார். ஆட்டுக்காரனின் வேன் எதிரில் வந்து பாறையோடு பாறையாக ஒதுங்கினால், "உனக்குத்தான் சொன்னேன்" என்பார். யாரும் வராவிட்டால், "பயந்துட்டான்" என்பார். கலமாட்டா நகரத்திலிருந்து தெற்கே போகும் கடற்கரைச் சாலையில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் அவருக்கு இப்படி முகம் தெரியாத ஓர் ஆள் உண்டு.

வயது அறுபதை நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் இடது கை செப்புக் குடம் மாதிரி கறுத்திருக்கும். வலது கை வேறு யாருடையதோ போல வெளுத்திருக்கும். அந்த வெளுத்த கையால்தான் சாலையோரச் சின்னக் கோயில்களுக்குச் சிலுவை போடுகிறார். ஒவ்வொரு கோயிலுக்கும் மூன்று முறை. அவை எல்லாமே வண்டி கவிழ்ந்த இடங்களில் கட்டியவை என்பதால், மிக மோசமான வளைவுகளில்தான் அவர் ஒற்றைக் கையால் ஓட்டுவார். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரி கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டாள். அர்கிரிஸ் கண்ணாடியில் பார்த்து, "பயப்படாதம்மா, உனக்கும் சேத்துத்தான் போட்டேன்" என்றார். அந்தப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை, ஆனால் அடங்கிவிட்டாள்.

எங்கள் கரையில் பஸ் மனிதர்களை மட்டும் ஏற்றிப் போவதில்லை. வடக்கே போகும்போது டிக்கி நிறைய அம்மாக்களின் சமையல் இருக்கும்: கலமாட்டாவில் படிக்கிற பிள்ளைகளுக்கு அரிசி அடைத்த தக்காளி, பாலாடைக்கட்டிப் பணியாரம், ஆரஞ்சுத்தோல் போட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி. தெற்கே வரும்போது மாத்திரைகள், டிராக்டர் பெல்ட், புது மூக்குக்கண்ணாடி, யாருக்காவது தன் பெயருள்ள புனிதரின் நாள் வந்தால் நகரத்துக் கடையிலிருந்து ஒரு கேக். மேலே ஒரு பெயரை எழுதி டிரைவர் கையில் கொடுத்தால் போதும்.

அர்கிரிஸின் சாலை ஈத்திலோ வரைக்கும்தான். மலைமேல் இருக்கும் அந்த ஊரோடு இந்த மாவட்டம் முடிகிறது. அங்கிருந்து கீழே குடாவுக்கு இறங்கி, அரியோப்போலி வழியாகத் தெற்கு முனையில் உள்ள யெரோலிமெனாஸ் வரை அடுத்த மாவட்டத்துப் பஸ் ஓடுகிறது. இரண்டும் ஈத்திலோ சதுக்கத்துப் பெரிய மரத்தடியில் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு: எது முதலில் வந்தாலும் மற்றது வராமல் கிளம்பக் கூடாது. ஆட்களும் பொட்டலங்களும் கை மாறின பிறகு, இது வடக்கே, அது தெற்கே.

அடுத்த மாவட்டத்துப் பஸ்ஸை ஓட்டுகிறவர் வெனெத்தியா. ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து வெகு நாளாகிறது. குட்டையாக வெட்டிய முடி, ஆண்கள் போடுகிற கறுப்புச் சட்டை, நின்ற வண்டியின் இன்ஜின் மாதிரி அடித்தொண்டைக் குரல். பஸ்ஸின் முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு நிற்பார். அர்கிரிஸ் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை.

"இது பெரியவருக்கு. ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால. பின்னால சாப்பிட்டா தலை சுத்தும்னு டாக்டர் சொன்னாராம். முன்னால."

"சரி."

"இது பெல்ட்டு. போன தடவை வந்தது சின்னதாப் போச்சு. இது பெருசு. ரொம்பப் பெருசில்ல."

"சரி."

"இது கண்ணாடி. கண்ணாடிதான். உடையும்."

"சரி."

இவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. அந்தச் சில நிமிஷங்களை இழுத்து நீட்ட அர்கிரிஸுக்குத் தெரிந்த ஒரே வழி, சீக்கிரமாக வந்து சேர்வது. அதனால் தெற்கே வரும்போது பஸ் பறக்கும். திரும்பும்போது கடல் அவர் பக்கம் இருக்கும்; முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, மரம் மறைகிற வரைக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஆமை மாதிரி போவார். கலமாட்டாவில் பிள்ளைகளுக்கு வருகிற தக்காளி எப்போதும் ஆறிப்போயிருக்கும். தெற்கே வருகிற கேக்குகள் எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். கரை முழுவதற்கும் காரணம் தெரியும். பேக்கரிக்காரன்கூட, "ஈத்திலோவுக்கா? அப்ப ரெண்டு கயிறு" என்பான்.

நான் கலமாட்டாவில் முடி வெட்டக் கற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் அரியோப்போலியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதால் இரண்டு பஸ்ஸும் எனக்கு வாடிக்கை. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். ஊரில் கிளி என்றுதான் பெயர். வண்டி கிளம்பினதும் அர்கிரிஸ் சாலையைப் பார்த்தபடியே ஆரம்பிப்பார்.

"கிளி, போன வாரம் நான் கிளம்பினப்புறம் அந்த அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க மாமா."

"என்ன சொன்னாங்க?"

"'பிரேக் ஆயில் வாசனை வருது, அந்த மனுஷன் வண்டியப் பாக்கவே மாட்டாரா'ன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, ஆரஞ்சு மெல்லுவதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டினேன். ஒரு வளைவு போனது. ஹார்ன் அடிக்க மறந்துவிட்டார்.

"இன்னொருவாட்டி சொல்லு" என்றார்.

இரண்டாவது பஸ்ஸில் வெனெத்தியா எதுவும் கேட்க மாட்டார். நானாகவே வளைவில், "வர்றியா? வா" என்பேன். பஸ்ஸே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். ஆனால் நான் ஒரு நாள் வாய் மூடி வந்தால், "கிளிக்கு என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்பார்.

போன அக்டோபரில் ஈத்திலோ கலியோப்பிப் பாட்டியின் மகனுக்குப் பெயர்நாள் வந்தது. பாட்டி தடியோடு மரத்தடியில் நின்று கேக் பெட்டியை வாங்கி, அங்கேயே திறந்தார். க்ரீம் முழுக்க மூடியில் இருந்தது.

"ஏம்ப்பா அர்கிரிஸ், எம் மவன் பேரு மூடியில ஒட்டியிருக்கு. நீ பஸ்ஸ ஓட்டுறியா, இல்ல பொண்ணு பாக்க ஓடுறியா?"

இரண்டு பஸ் ஜன்னல்களிலிருந்தும் தலைகள் நீண்டன. அர்கிரிஸின் காது, கழுத்து, வெளுத்த கை எல்லாம் சிவந்தன. வெனெத்தியா நிதானமாக வந்தார். மூடியை வாங்கி, சுண்டுவிரலால் ஓரத்தில் ஒரு வழி வழித்து வாயில் வைத்தார்.

"நல்லாத்தான இருக்கு, பாட்டி" என்றார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அர்கிரிஸ் குளிர்காலம் முழுவதையும் கழித்தார். ஆனால் எதையும் கேட்கவில்லை. "இன்னிக்குக் கேக்கறீங்களா மாமா?" என்றால், "பொட்டலம் நிறைய இருக்கு" என்பார். பொட்டலம் குறைவான நாளில், "காத்து அடிக்குது" என்பார்.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை அந்தச் சேதியைக் கொண்டுவந்தவரும் கலியோப்பிப் பாட்டிதான். வெனெத்தியா கை கழுவப் போயிருந்த நேரம் பார்த்து, தடியை அர்கிரிஸின் ஷூவுக்கு அருகில் ஊன்றினார்.

"அவ ஸ்பார்ட்டா பக்கம் போறா, தெரியுமா? அடுத்த சனிக்கிழமையோட சரி. அப்புறம் இந்த ரோட்டுக்கு வேற ஆளு."

"மாத்திட்டாங்களா?"

"மாத்தல. கேட்டு வாங்கிக்கிட்டாளாம். மரத்தடியில நின்னு நின்னு காலு மரத்துப்போச்சாம். உனக்குப் புரியுதா, இல்ல அதுக்கும் ஒரு கயிறு கட்டித் தரணுமா?"

அன்று அர்கிரிஸ் பொட்டலங்களைக் கதை சொல்லாமல் கொடுத்தார். வெனெத்தியா வாங்கிக்கொண்டார். "சரி" சொல்ல இடமே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கலமாட்டா நிலையத்தில் ஏறினேன். டிரைவர் இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாற்று டிரைவர் ஃபோதிஸ் உட்கார்ந்திருந்தான். அர்கிரிஸ் கடைசி வரிசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட காலர், பஸ்ஸின் டீசல் நாற்றத்தையே அமுக்கிவிட்ட வாசனைத் தண்ணீர். எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கலியோப்பிப் பாட்டி மட்டும் திரும்பி, மேலும் கீழும் பார்த்து, "ம்" என்றார்.

ஃபோதிஸ் நல்ல டிரைவர். அதுதான் அன்றைக்கு வினை. போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் ஒரு பொட்டு போக மாட்டான். கர்தமிலிக்கு மேலே உள்ள வளைவில் கீழே கடல் திறந்ததும் இரண்டு ஜெர்மன்காரர்கள் கேமராவைத் தூக்கிக் காட்டினார்கள். ஃபோதிஸ் வண்டியை ஓரம் கட்டி இறக்கிவிட்டான். அர்கிரிஸ் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"எடுத்துக்கட்டும் அண்ணே" என்றான் ஃபோதிஸ். "கடல் எங்கயும் போயிடாது."

"கடல் போகாது" என்றார் அர்கிரிஸ்.

அதற்குப் பிறகு பஸ் ஜனமே மாறிவிட்டது. ஜெர்மன்காரரின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் மருந்துக்கடைக்காரர் ஒருவர். ஸ்தூபாவில் இறங்க வேண்டிய பெண் தன் மூன்று மூட்டைகளையும் முன்கூட்டியே கதவடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பாட்டி மடியில் பாகில் ஊறின பலகாரத் தட்டு இருந்தது.

"அழுத்துடா" என்றார் ஃபோதிஸிடம்.

"போர்டுல போட்டதுதான் வேகம், பாட்டி."

"போர்டு வெச்சவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அழுத்து."

"உங்க பாகு கொட்டும்."

"எம் பாவாடையிலதான கொட்டும். உனக்கு என்ன?"

ஃபோதிஸ் கண்ணாடியில் கடைசி வரிசையைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்தான். அதற்குப் பிறகு தலாமெஸ், லங்காதா எல்லாம் ஜன்னலில் வந்த வேகத்தில் போயின. ஆனாலும் நேரம் கடந்திருந்தது; விதி இருந்தாலும், கடைசி நாளில் வெனெத்தியா எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அர்கிரிஸ் முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய் மட்டும் லேசாக அசைந்தது. கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

மரத்தடியில் வெனெத்தியாவின் பஸ் நின்றிருந்தது. அரியோப்போலி ஆள் ஒருவர் படியில் நின்று, "விதியாவது ஒண்ணாவது, கிளப்பும்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். வெனெத்தியா சக்கரத்தின் மேல் சாய்ந்திருந்தார். எங்கள் பஸ் மூக்கு நுழைந்ததும் நிமிர்ந்தார். டிரைவர் இடத்தில் ஃபோதிஸின் முகத்தைப் பார்த்தார்.

"அவர் வரலியா?"

"லீவு" என்றான் ஃபோதிஸ், டிக்கியைத் திறந்தபடி.

"சரி" என்றார் வெனெத்தியா.

அந்தச் சரியை மட்டும் என்னால் இன்றுவரை பேசிக் காட்ட முடியவில்லை.

பொட்டலங்களை வாங்கி அடுக்கிவிட்டு, எங்களை ஏறச் சொல்லிக் கையை ஆட்டினார். பின்கதவில் இறங்கிய அர்கிரிஸ் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது படியில் ஏறவில்லை.

வெனெத்தியா சட்டையைப் பார்த்தார். காலரைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தெரியல. உங்க பஸ் எங்க போகுது?"

"இத்தனை வருஷமா எதிர்ல நிக்கிறீங்க. எங்க போகுதுன்னு தெரியாதா?"

"கேட்டதில்லையே."

"ஆமா" என்றார் வெனெத்தியா. "கேட்டதில்ல."

படியில் இருந்த அரியோப்போலி ஆள் வாயைத் திறந்தார். பாட்டி கீழேயிருந்து தடியால் அவர் முழங்காலைத் தட்டினார்.

"இப்பக் கேக்கறேன்" என்றார் அர்கிரிஸ். "ஸ்பார்ட்டாவுக்குப் போகாதீங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. திங்கக்கிழமைலேர்ந்து நான் எங்க வந்து நிக்கணும், அதச் சொல்லுங்க."

வெனெத்தியா திரும்பினார். உள்ளே ஏறி, தன் இருக்கைக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையிலிருந்து என் பையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டார்.

"முதல்ல உக்காருங்க" என்றார். "மீதி ரோட்டையும் பாருங்க. அப்புறம் பேசலாம்."

ஈத்திலோவிலிருந்து குடாவுக்கு இறங்கும் சாலை ஒரு கயிற்றைச் சுருட்டிப் போட்டது மாதிரி இருக்கும். வெனெத்தியா ஹார்ன் அடிப்பதில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தை விட்டுவிட்டு அமைதியாக நுழைகிறார். அர்கிரிஸ் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கடலைப் பார்த்திருந்தது. ஆனால் முதல் வளைவிலேயே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. இரண்டாவது வளைவிலும் அழுத்தியது. மூன்றாவதில் இன்னும் பலமாக, ஷூ கிறீச்சிடும்படி.

"நான் மிதிச்சுட்டேன்" என்றார் வெனெத்தியா, திரும்பாமல்.

"தெரியுது" என்றார் அர்கிரிஸ். அடுத்த வளைவிலும் அழுத்தினார்.

குடா வந்தது. லிமெனியின் கல் வீடுகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. அதைத் தாண்டினதும் சாலை மறுபடி மேலே ஏறியது. அரியோப்போலியில் நான் இறங்கினேன். என்னோடு எல்லோருமே இறங்கிவிட்டார்கள். அதற்கப்பால் போக வேண்டிய மருந்துக்கடைக்காரர்கூட ஏதோ மறந்த மாதிரி இறங்கி நின்றுகொண்டார். கதவு மூடியது. பஸ் தெற்கே, அர்கிரிஸ் ஒரு நாளும் ஓட்டியிராத சாலையில், முதல் வளைவை நோக்கி நகர்ந்தது. கதவின் நீளக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வளைவு நெருங்கியது. அவர் வலது காலைத் தரையிலிருந்து எடுத்து, மெதுவாக இடது காலின் மேல் போட்டுக்கொண்டார்.